யாரையும் நினைக்க வேண்டாம்

கோழிகள் சாகத் தொடங்கியபோது ஈச்சம்பதியில் யாரும் பயப்படவில்லை, ஏனென்றால் வெயில் ஏறினால் கோழி சாகும், கரண்ட் நின்று தண்ணீர்க் குழாய் காய்ந்தால் கோழி சாகும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் கூண்டில் நின்றபடியே கழுத்தைத் தொங்கப்போட்டுச் சாகும், அப்படிச் செத்ததை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு முட்டை பொறுக்கப் போவதுதான் அந்த ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு. பிறகு கோழிப்பண்ணையில் ஒரு கொட்டகை முழுக்கச் செத்தது, அதற்கடுத்த கொட்டகையும் செத்தது, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் வேனில் வந்து இறங்கி மிச்சமிருந்த கோழிகளையும் கொன்று, பண்ணைக்குப் பின்னால் குளம் மாதிரிக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடிவிட்டுப் போனார்கள். ஓயாமல் கொக்கரிப்பு கேட்டுக்கொண்டே இருந்த ஊரில் அதன்பிறகு அடுத்த வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம்கூடக் கேட்டது.

வசந்தாமணியின் புருசன் நாச்சிமுத்து அந்தப் பண்ணையில் சூப்பர்வைசர், செத்த கோழிகளைக் குழிக்கு அள்ளிக் கொட்டிய ஆட்களில் ஒருவன். அவனுக்குச் சளி பிடித்தது, உடம்பு காய்ந்தது, ஒரு மத்தியானம் வாசலில் கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து, விலா எலும்பெல்லாம் குலுங்க ஒரு இருமல் இருமினான், வாயிலிருந்து ஒரு பறவை வந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சாம்பல் நிறம், அப்போதுதான் பிறந்த மாதிரி நனைந்திருந்தது. அவனுடைய கீழுதட்டில் கொஞ்ச நேரம் நின்று வெளிச்சத்துக்குக் கண் பழகிக்கொண்டது, பிறகு துணி காய்கிற கொடிக்கு வந்து உட்கார்ந்து இறகை உதறிற்று. துணி எடுத்துக்கொண்டிருந்த வசந்தாமணிக்கு முதலில் தோன்றியது, துவைத்த சேலையில் எச்சம் போட்டுவிடுமே என்பதுதான். அவள் கையை வீசினாள். பறவை அவளைப் பார்த்தே பறந்து வந்து, தலையில் உட்காரப்போவது மாதிரித் தாழ்ந்து, வகிட்டில் காற்று படும்படி அவளைத் தாண்டி, மொட்டை மாடிக்கு மேலே ஏறி வடக்கே போய்விட்டது.

வடக்கே தீவன மில்லுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகள் உண்டு. அதில் ஒன்றில் தனியாக இருந்தவள் ருக்மிணி, அதே பண்ணையில் முட்டை பிரித்து அட்டையில் அடுக்குகிறவள். அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பறவை வந்து தலையில் உட்கார்ந்தது என்றும், ஆலங்கட்டி கரைகிற மாதிரிக் கூந்தலுக்குள் கரைந்துபோனது என்றும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அதில் யாரும் தப்பாக எதையும் பார்க்கவில்லை. பறவை வடக்கே போயிற்று, வடக்கே ருக்மிணி இருந்தாள், அவ்வளவுதான்.

நாச்சிமுத்துவை வண்டியில் ஏற்றிக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள், நோயாளிகளுக்கென்று அதைத்தான் ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பெனாசிர் என்ற அம்மா வந்து, பஸ் நிறுத்தத்தில் மைக் பிடித்து, "கோழிகிட்ட இருந்து மனுசங்களுக்கு வரும். மனுசங்ககிட்ட இருந்து மனுசங்களுக்குப் பரவுதுங்கறதுக்கு இதுவரைக்கும் ஆதாரம் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, டீக்கடை பெஞ்சிலிருந்த வெள்ளிங்கிரி என்ற பண்ணை ஆள் இருமினான், அவன் வாயிலிருந்து வந்த பறவை டீக்கடைக் கூரையில் உட்கார்ந்து இறகு காயவைத்தது. டாக்டர் பேச்சை நிறுத்தி அதைப் பார்த்தார். அது பறந்து மறையும்வரை பார்த்தார். பிறகு, "இதுவரைக்கும்" என்று மெல்ல இன்னொரு தடவை சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தார்.

அதற்கப்புறம் ஊரில் கதவுகளைச் சாத்தினார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள், குழந்தைகளைச் சாக்குப் போர்த்திக் கூட்டிப்போனார்கள், வெயிலில்லாத நேரத்திலும் குடை பிடித்தார்கள். வலை, குடை, கதவு எதுவும் தடுக்கவில்லை. பறவை சாவித் துவாரத்தில் நுழைந்தது, ஷட்டர் இடுக்கில் நுழைந்தது, அதற்கு வேண்டிய ஆள் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை கம்பத்தில் பொறுமையாகக் காத்திருந்தது. யார் தலையில் கரைந்ததோ அவர்களுக்குக் காய்ச்சல் வந்தது, சில நாளில் இருமல் வந்தது, அந்த ஒரு இருமலில் அவர்களுடைய பறவை வந்தது. அதற்குப் பிறகு சிலர் எழுந்தார்கள், சிலர் எழவில்லை.

வெள்ளிங்கிரியின் பறவை அவன் பெண்டாட்டியையும் இரண்டு குழந்தைகளையும் தாண்டிப் போய், காட்டு வரப்புத் தகராறில் பல வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தலையில் உட்கார்ந்தது. அண்ணனுடைய பறவை, அவர் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்த ஒரு டீச்சரம்மாவைத் தேடிக்கொண்டு பக்கத்து ஊர்வரை போயிற்று. அப்போதுதான் குழாயடியில் பெண்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள்: பறவை பக்கத்திலிருக்கிற ஆளிடம் போவதில்லை, இருமுகிற நேரத்தில் மனசில் யார் இருக்கிறார்களோ அந்த ஆளிடம்தான் போகிறது, ஆசையும் அதற்கு ஒன்றுதான், பகையும் ஒன்றுதான்.

மறுநாளே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொன்னார்கள். பொதுமக்கள் யாரும் யாரையும் நினைக்க வேண்டாம், வெளியூரில் உள்ள பிள்ளைகளைப் பெற்றோர்கள் நினைக்க வேண்டாம், இருமல் வரும்போது சுவரையோ விட்டத்தையோ பார்க்கவும். ஊர் இதையும் ஒரு பழக்கமாக ஏற்றுக்கொண்டது. திருப்பூரில் வேலை செய்கிற பையன்கள் அம்மாக்களுக்குப் போன் போட்டு, கொஞ்ச நாளைக்கு என்னை மறந்துரும்மா என்று கெஞ்சினார்கள். சுவரிலிருந்து போட்டோக்களை இறக்கினார்கள். அன்பாக இருந்தவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நடந்தார்கள், சண்டைக்காரர்கள் எதிரியின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு, தயவுசெய்து என்னை மனசிலிருந்து எடுத்துவிடு என்று கைகூப்பினார்கள். வயசானவர்கள் செத்துப்போனவர்களை நினைத்து இருமப் பழகினார்கள், அந்தப் பறவைகள் சுடுகாட்டு வேலியில் போய் வரிசையாக உட்கார்ந்து யாருக்கோ காத்திருந்தன. ஒருவர் மாரியம்மனை நினைத்து இருமினார். பறவை கோயிலுக்குள் போய் அம்மன் தலையில் கரைந்துவிட்டது. அன்றைக்கே பூசாரி நடையைச் சாத்திப் பெரிய பூட்டாகப் பூட்டினார், ஏனென்றால் அம்மன் இருமினால் அவள் யாரை நினைப்பாள், ஊரையே அல்லவா நினைப்பாள்.

குழாயடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்திய அந்த நேரத்தில், வசந்தாமணி குடத்தோடு வரிசையில்தான் நின்றிருந்தாள். நாச்சிமுத்துவின் பறவை எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்துவிட்டது. ஒருத்தி தன்னுடைய குடத்தை நகர்த்தி அவளுக்கு முன்னால் இடம் விட்டாள். வசந்தாமணி தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, குடத்தை இறக்கி வைக்காமலே சமையலறையில் வெகுநேரம் நின்றாள். வகிட்டில் அந்தக் காற்று இன்னும் இருந்தது. பறவை தன் தலையில் உட்காராமல் போனதற்குக் கும்பிட்டு விழ வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் கும்பிடத் தோன்றவில்லை.

நாச்சிமுத்து பிழைத்து, கன்னம் ஒட்டி வீட்டுக்கு வந்தான். அவள் சோறு போட்டாள், அவன் தின்றான். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய ஒரே மகள் இலக்கியா கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து போன் வந்தால் வசந்தாமணி எடுப்பதில்லை. குரலைக் கேட்டால் நினைப்பு வரும், நினைப்பு வந்துவிட்டால் அதைத் துரத்த முடியாது. போன் அடித்து ஓயும்வரை காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

அந்த வாரம் பஞ்சாயத்துத் தலைவர் அர்ச்சுனன், டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மண்டபத்தில் வேலை பார்த்த நர்சுகளில் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறவளைத்தானே நோயாளி நினைப்பான். பொம்பளைகள் பக்கத்துக்குக் கஞ்சி ஊற்றக்கூட ஆள் கிடைக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காத அம்மிணி," என்றார் தலைவர், செருப்பைப் பார்த்துக்கொண்டு. "ஊர்ல எல்லாரையும் யாராச்சும் ஒருத்தர் நெனச்சுட்டேதான் இருக்காங்க. உனக்கு... அந்தத் தொந்தரவு இல்லீன்னு பேசிக்கறாங்க."

வசந்தாமணி முற்றத்திலிருந்த புருசனைப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"ஆமாங்," என்றாள். "நான் வர்றனுங்."

டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். "முகத்தை மூடிக்குங்க. பேரைச் சொல்லாதீங்க. யார்கிட்டயும் அன்பாப் பேசாதீங்க, திட்டவும் திட்டாதீங்க. உங்களை யாருக்கும் ஞாபகம் இருக்கக் கூடாது." சொல்லிவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்குது," என்றார்.

நல்லவளாகவும் இருக்கக் கூடாது, கெட்டவளாகவும் இருக்கக் கூடாது, ஒரு குழாய் மாதிரி, ஒரு ஜன்னல் மாதிரி இருக்க வேண்டும். வசந்தாமணிக்கு அது புதுசாக இல்லை. டம்ளரை வைப்பாள், துணியை மாற்றுவாள், கைகூப்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தினமும் வேறு வேறு சேலையில் போனாள். யாராவது நெஞ்சைப் பிடித்தால் அவள் உடம்பு கல்லாகிவிடும். பறவை வந்து, உட்கார்ந்து, இறகு உதறி, அவளைத் தாண்டி வேறெங்கோ போகும்வரை மூச்சு விட மாட்டாள். இப்படிப் பயந்து பயந்து ஒரு வாரம் போயிற்று, ஒரு பறவையும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ருக்மிணியை மட்டும் மேடைக்குப் பக்கத்திலிருந்த மணப்பெண் அறையில் போட்டிருந்தார்கள், அவளோடு படுக்க மற்ற பெண்கள் சம்மதிக்கவில்லை. பெண்களில் முதலில் படுத்தவள், ஆனாலும் அவளுக்கு இன்னும் பறவை வரவில்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமலை அடக்கி அடக்கி வைத்திருந்தாள். அருகே போனால் அவள் மார்புக்குள்ளே ஏதோ கொத்துகிற சத்தம் வெளியே கேட்டது. நாச்சிமுத்துவைக் காப்பாற்றத்தான் அடக்குகிறாள் என்று ஊர் பேசிற்று.

முகத்தை மூடியிருந்தும் ருக்மிணிக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. வாயிலிருந்த துணியை எடுத்தாள். "அக்கா, நீங்க இந்தப் பக்கம் வராதீங்க."

வசந்தாமணி கஞ்சியை வைத்தாள்.

"நான் அவரைத்தான் நெனைப்பேன்னு ஊருக்குள்ள பேசறாங்கன்னு தெரியுங்க்கா. அவரு முகமே வர மாட்டேங்குது. கண்ணை மூடுனா நீங்கதான் வந்து நிக்கறீங்க."

பேசக் கூடாது என்பதை வசந்தாமணி மறந்தாள். "நான் உன்ற வாசப்படியக்கூட மிதிச்சதில்லையே."

"மிதிச்சதில்லீங்க. ஆனா இன்னைக்கு வந்துருவீங்க, நாளைக்கு வந்துருவீங்கன்னு இத்தனை வருசமும் பயந்துட்டே இருந்தேன். கதவு தட்டுனா நீங்கதான்னு நெனைப்பேன். உங்களை நெனைக்காம ஒரு நாளும் நான் தூங்குனதில்லைங்க்கா."

வசந்தாமணி வீட்டுக்கு வந்து கைகால் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். இந்த ஊரில் தன்னைத் தினம் தவறாமல் நினைத்துக்கொண்டிருந்த ஒரு ஆள் உண்டு, அது இவளா என்ற எண்ணம் பயத்தோடு பயமாக உள்ளே புகுந்துகொண்டு போகவே இல்லை. மறுநாள் மண்டபத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம், போனாலும் அந்த அறைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போனாள். அவள் கதவைத் திறந்ததும் ருக்மிணி பதறி எழுந்து, துணியை வாயில் வைக்கப் போனாள், கை எட்டவில்லை. பறவை வந்தது. அது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இறகு உதறுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது நேராக வந்து வசந்தாமணியின் தலையில் உட்கார்ந்தது, எடையே இல்லை, சில்லென்று இருந்தது, கரைந்தது.

"சொன்னனேக்கா," என்று ருக்மிணி அழுதாள். "நான் சொன்னனே."

அன்று சாயங்காலமே ருக்மிணி செத்துப்போனாள். வெள்ளை உடுப்பு ஆட்கள் கொண்டுபோய்ச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். தூரத்தில் வேலிக்கு அப்பால் நாச்சிமுத்து நின்றிருந்தான் என்று சொன்னார்கள்.

அவள் கிடந்த கட்டிலிலேயே வசந்தாமணியைப் படுக்க வைத்தார்கள். காய்ச்சலைவிட, உள்ளே கொத்துகிற அந்தச் சத்தம்தான் பயமாக இருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள், சுவரில் மணப்பெண்களுக்காக மாட்டிய கண்ணாடி இருந்தது, கண்ணாடியில் தெரிந்த முகத்தில் மகளின் மூக்கு இருந்தது. செத்துப்போன அம்மாவை நினைத்தாள், அம்மா திரும்பிப் பார்த்தபோது அது இலக்கியாவாக இருந்தது. ருக்மிணியை நினைத்துப் பார்த்தாள், அவளும் செத்தவள்தானே. பாவம், அழ ஒரு பிள்ளைகூட இல்லையே என்று தோன்றிய அடுத்த நொடி, நான் போய்விட்டால் என் பிள்ளை எப்படி அழுவாள் என்று மனசு ஓடியது. எந்த வழியில் போனாலும் அந்த வழி கோயமுத்தூர் ஹாஸ்டல் வாசலில் போய் முடிந்தது. அங்கே மகள் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள், ஜன்னல் திறந்திருக்கிறது. வசந்தாமணி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஒரு தடவை வந்து பிழைத்தவர்கள் தலையில் சில மாசத்துக்குள் பறவை மறுபடி உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை என்று டாக்டர் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். அதை நாச்சிமுத்துவிடம் சொன்னதும் அவன் மண்டபத்துக்குள் வந்து, கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"என்னை நெனை, வசந்தா. எனக்கு ஒண்ணும் ஆவாது."

அவள் துணியை எடுத்தாள். "நெனைச்சுப் பாத்துட்டனுங்க. நிக்க மாட்டேங்கறீங்க. நீங்க வந்தா உங்க பின்னாலயே நம்ம புள்ளயும் வர்றா."

அவன் கால்களை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "செரி. அப்பக் கேளு," என்றான்.

"தைப்பூசத்துக்கு வருசா வருசம் பழனிக்கு நடந்து போனனே. நடக்கலை."

"எந்த வருசம்?"

"ஒரு வருசமும் நடக்கலை. பஸ்ல போனோம். ருக்மிணியும் நானும்."

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும், அவன் கிளம்பிய நேரத்திலிருந்து திரும்பும்வரை வசந்தாமணி ஒரு வேளைதான் சாப்பிடுவாள். வந்ததும் அவன் காலை எடுத்து மடியில் வைத்து, உப்பு போட்ட வெந்நீரில் கழுவி, விளக்கெண்ணெய் தேய்த்து விடுவாள். இத்தனை தூரம் நடந்தும் ஒரு கொப்புளம் இல்லை, பாதம் பூ மாதிரி இருக்கிறது, முருகன் காப்பாற்றிவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக் கும்பிடுவாள்.

"நீ கால் புடிச்சு விடறப்ப எனக்குச் சிரிப்பு வரும்," என்றான் நாச்சிமுத்து. "கண்ணை மூடிட்டு அடக்கிக்குவேன். அதை அவகிட்டச் சொன்னேன். அவ சிரிக்கலை. அழுதுட்டா. அந்தம்மாவுக்கு இப்புடிச் செய்யறமேன்னு அழுதா." சொல்லிக்கொண்டே அவனும் அழ ஆரம்பித்தான், முகத்தைத் துடைக்காமல் அழுதான், வேலிக்கு அப்பால் நின்று அழ முடியாததையெல்லாம் இங்கே வந்து, பெண்டாட்டிக்கு முன்னால், மகளைக் காப்பாற்றுகிற சாக்கில் அழுகிறான் என்பது வசந்தாமணிக்கு விளங்கிற்று. அவள் அவன் கால்களைப் பார்த்தாள். மடக்கி வைத்திருந்த அந்த வெள்ளைப் பாதங்களைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு ஏறி வந்தது, அந்தச் சூட்டில் சுவர் இல்லை, அம்மா இல்லை, ஹாஸ்டல் இல்லை, உலகத்தில் அந்த இரண்டு பாதங்கள் மட்டும்தான் இருந்தன. அவள் இருமினாள்.

பறவை அவள் முழங்காலில் உட்கார்ந்தது. இறகை உதறிற்று. எழும்பி, மேற்கே கோயமுத்தூர் ரோட்டைப் பார்த்திருந்த ஜன்னலுக்குப் போய்க் கம்பியில் உட்கார்ந்தது. அவள் கண்ணை எடுக்காமல் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கப் பார்க்க அவன் விடாமல் பேசினான், பஸ்ஸில் எந்த சீட்டு, எந்தக் கடையில் பஞ்சாமிர்தம், திரும்பும்போது ருக்மிணியின் தோளில் சாய்ந்து தூங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பறவை கம்பிக்கு வெளியே தலையை நீட்டியது. உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு சுற்றி வந்து அவன் உச்சந்தலையில் இறங்கிக் கரைந்தது.

"போதும்," என்றாள் வசந்தாமணி. "நிறுத்துங்க."

அதற்குப் பிறகு வந்த காய்ச்சலில் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பிழைத்து எழுந்தபோது ஆட்டோ ஒலிபெருக்கி நின்றிருந்தது, சுடுகாட்டு வேலியில் பறவைகள் குறைந்திருந்தன. பூசாரி மட்டும் கோயில் பூட்டை இன்னும் எடுக்கவில்லை. மண்டபத்தைக் கழுவிவிட்டு ஒரு கல்யாணத்துக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

இலக்கியா லீவுக்கு வந்தாள். இளைத்திருந்தாள், அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டாள்.

"ஹாஸ்டல்ல நம்ம பக்கத்துப் புள்ளைங்க எல்லாருக்கும் அவங்கம்மா அழுதுட்டே போன் பண்ணுனாங்க, உன்னை நெனச்சுருவனோன்னு பயமா இருக்குதுன்னு. நீ போனே எடுக்கலை. எங்கிட்டப் பறவையும் வரலை. நீ ஒருதடவைகூட என்னை நெனைக்கலியாம்மா?"

வசந்தாமணி மகளைப் பார்த்தாள். அந்த மூக்கையும், நெற்றியில் விழுந்த முடியையும் பார்த்தாள்.

"இல்லை கண்ணு," என்றாள். "நெனைக்கலை."

இலக்கியா மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்து எழுந்து கிட்டே வந்தான். தீவன மில்லுப் பக்கம் ஒரு லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. பண்ணைக்கு மறுபடியும் குஞ்சு இறக்குகிறார்கள், ஆயிரக்கணக்கான சின்னக் குரல்கள் ஒன்றாகக் கத்திக்கொண்டு தெருவைத் தாண்டிப் போயின.

"வசந்தா," என்றான் அவன். "அந்தப் பழனி விசயம்... அதுல ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு மண்டபத்துல நான்..."

அவள் சட்டென்று அவன் வாயைக் கையால் பொத்தினாள். அவன் நடந்தே போயிருக்கலாம். அந்தச் சிரிப்பு, அந்த பஸ், அந்தத் தோள் எல்லாமே மகளுக்காக அந்த நிமிசத்தில் கட்டிய கதையாக இருக்கலாம். இல்லை, எல்லாமே நடந்ததாகவும் இருக்கலாம். லாரிச் சத்தம் பண்ணைப் பக்கம் போய் அடங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

"சொல்லாதீங்க," என்றாள். "மறுபடியும் வந்துச்சுன்னா எனக்கு அந்தக் கோவம் வேணும்."